பூச்சுக்கு முன் கூரை

பெங்களூரில் பழைய வீட்டை மலிவாக வாங்கி, மராமத்து செய்து விற்கவோ வாடகைக்கு விடவோ முனையும் தொழில்முறையாளர்களின் மதிப்பீடுகளில் ஒரே கோளாறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வெட்ரிஃபைட் டைல்ஸ் எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கும். கூரை ஒழுகல் மட்டும் 'இதர செலவுகள்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். கையில் பணம் குறைவாக இருப்பவர் முதலில் தண்ணீரையும் பத்திரத்தையும்தான் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1898 பிளேக்கை அடுத்து வேகமாக வளர்ந்த பசவனகுடி, மல்லேஸ்வரம், தண்டுப் பகுதியின் (கன்டோன்மென்ட்) பிரேசர் டவுன் ஆகிய இடங்களிலும் அல்சூரிலும் உள்ள பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவரும் மங்களூர் ஓடோ மெட்ராஸ் டெரஸோ இருப்பது சகஜம். மெட்ராஸ் டெரஸ் என்றால் மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்து, தட்டோடு பதித்த கூரை. கீழே நின்று அண்ணாந்து பார்த்து அதற்கு விலை சொல்லாதீர்கள். ஏணி போட்டு ஏறி, கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. மாடியில் தட்டோட்டு இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள கட்டையை இரண்டு முறை குத்துங்கள். ஒழுகலை நிறுத்துகிறேன் என்று மேலே சிமெண்ட் தளம் போடுவது, உளுத்த கட்டையின் மேல் பாரம் ஏற்றுவதுதான்.

சுவரிலும் இதே கதை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஓதம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, புட்டியும் பெயிண்டும் பொரிந்து விழும். சுவர் முழுவதையும் கொத்த வேண்டியதில்லை. கெட்ட இடத்தை மட்டும் கொத்தி, சுண்ணாம்புக் கலவையே பூசி, காய விடுங்கள். மேஸ்திரிக்கு அவசரம் இருக்கும், இடம் கொடுக்காதீர்கள். ரெட் ஆக்சைடு தரை நன்றாக இருந்தால் தேய்த்து மெருகேற்றுவதே போதும். அதை மூடி டைல்ஸ் ஒட்டுவது வீண் செலவு மட்டுமல்ல, ரசனைக் கேடும்கூட. இந்த ஊரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். பிப்ரவரியில் பார்த்த காய்ந்த சுவரை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பத்திரம். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும். வீட்டுக்குள்ளோ லீஸுக்கு ஒரு குடும்பம் இருக்கும். மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் இந்த ஏற்பாடு பெங்களூரில் பரவலானது. பெரும்பாலும் முத்திரைத்தாளோடு நின்றுவிடும், பதிவுக்குப் போகாது. அதனால் வில்லங்கத்தில் தெரியாது. அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் வந்து விழுந்தால் மராமத்துக்கு வைத்த பணம் அங்கேயே கரையும். குடியிருப்பவரிடம் நேரில் பேசாமல் விலை பேசாதீர்கள். பி-கட்டா வீடு, அதாவது முழு ஒப்புதல் இல்லாத சொத்துகளுக்கான மாநகராட்சிப் பதிவேட்டில் உள்ள வீடு, மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் அதே சிக்கல். 2024 அக்டோபர் முதல் பதிவுக்கு இ-கட்டா (கட்டாவின் மின்னணு வடிவம்) கட்டாயம். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால், கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வரி. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம். உங்கள் வருமான வரம்புக்கு உரிய விகிதத்தில் வரி கட்ட வேண்டும். அதைத் தாண்டி விற்றால் 12.5 சதவீதம். இதையே தொழிலாகச் செய்பவருக்கு அது வியாபார வருமானமாகவும் கொள்ளப்படலாம். கட்டை மாற்றியது, ஒயரிங் புதிதாகச் செய்தது போன்ற மேம்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ரசீது வேண்டும். கொத்தனார் கூலியைக்கூட வங்கி வழியாகவே கொடுங்கள்.