எண்ணெய் குறைந்தால் கிணறு தேறிவிட்டதாகாது: சுன்னாகம் நிலத்தடி நீர் பற்றிய எமது நிலைப்பாடு

சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், தனியார் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தக் காசு போதுமா என்ற கேள்வியை இங்கே எடுக்கவில்லை. ஒரு கிணறு தேறிவிட்டது என்று எந்தச் சான்றை வைத்துச் சொல்லலாம் என்பதே இந்த அறிக்கையின் பொருள்.

எண்ணெய்ச் செறிவு குறைந்திருப்பதாகக் காட்டும் ஆய்வறிக்கையை மட்டும் வைத்து எந்தக் கிணற்றையும் தேறியதாக அறிவிக்கக் கூடாது. நிலத்தடி நுண்ணங்கிகள் மாசைத் தின்று தீர்த்துவிட்டன என்று வாதிடுபவர், சமதானிப் பகுப்பாய்வு (ஒரே மூலகத்தின் பாரம் வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை அளப்பது) செல்லுபடியாகும் சேர்வைகளுக்குச் சமதானிச் சான்றைக் காட்ட வேண்டும். செலவு மாசுபடுத்தியவருடையது.

சுன்னாகம் அமைந்துள்ள வலிகாமத்து ஆட்களுக்கு இதன் காரணத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை. நிலத்துக்குக் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கிணறு மேலெழும். தை மாதம் நீர் எடுத்துச் சோதித்தால் எண்ணெய் குறைவாகவே இருக்கும். மழைநீர் ஐதாக்கியிருக்கலாம், பக்கத்து வளவுக்கு நகர்ந்திருக்கலாம், பாறையில் ஒட்டியிருக்கலாம். செறிவு என்ற ஒற்றை எண்ணால் இவற்றை உண்மையான சிதைவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

சமதானி பெருமளவுக்குச் சொல்லும். இயற்கையிலுள்ள காபனில் ஏறத்தாழ 98.9 வீதம் காபன்-12, 1.1 வீதம் காபன்-13. பாரம் குறைந்த அணுவுள்ள பிணைப்பு சற்று இலகுவாக உடையும். அதனால் பற்றீரியாக்கள் பென்சீனைச் சிதைக்கும்போது இலேசான மூலக்கூறுகள் முந்திப் போகின்றன, மிஞ்சும் பென்சீனில் காபன்-13இன் பங்கு கூடுகிறது. மழைநீர் கலப்பதால் அந்த விகிதம் மாறுவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு: மாசு தோன்றிய இடத்தில் பென்சீனின் காபன்-13 அளவீடு நியமத்தோடு ஒப்பிட ஆயிரத்துக்கு −27, கீழ்நீரோட்டத்தில் −24. அந்தச் சூழலில் செறிவூட்டல் காரணி (சிதைவின்போது அந்த விகிதம் எவ்வளவு மாறும் என்பதன் அளவு) −3 என்றால், ஏறத்தாழ 64 வீதம் உண்மையிலேயே சிதைந்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2008இல் இதற்கென வழிகாட்டி நூலே வெளியிட்டது. ஆயிரத்துக்கு 2ஐ விடக் கூடிய மாற்றத்தையே அது சிதைவுக்கு நம்பகமான அடையாளமாகக் கொள்கிறது. அதற்குக் குறைந்ததை நாமும் ஏற்கமாட்டோம்.

எண்ணெய் சிதைந்து வரும் காபனீரொட்சைட்டை அளந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வேறு மண்ணில் ஓரளவு போதும். இங்கே சுண்ணக்கல்லே கரைந்து தன் காபனை நீரில் சேர்க்கிறது, கணக்குக் குழம்பிவிடும். கதிரியக்கக் காபனும் உதவாது: பழைய எண்ணெயிலும் காபன்-14 இல்லை, சுண்ணக்கல்லிலும் இல்லை. எனவே மிஞ்சிய மாசையே நேரடியாக அளக்க வேண்டும்.

எமக்குப் பிடித்த முறை என்பதற்காக அதன் குறையை மறைக்கப் போவதில்லை. சுன்னாகத்தில் பேசப்படுவது பாரமான கழிவு எண்ணெய். 20 காபன் கொண்ட சங்கிலியில் ஒரு முனை உடையும்போது ஏற்படும் வித்தியாசம் மற்ற 19 காபன்களுக்குள் மங்கிப்போகும். பென்சீன், தொலுயீன், சைலீன் போன்ற சிறு மூலக்கூறுகள் கிடைக்கும் இடத்தில்தான் முறை நன்றாக வேலை செய்யும், ஐதரசன் சமதானியையும் சேர்த்தால் இன்னும் தெளிவு. பாரமான பகுதிக்கு, இலகுவில் சிதையாத ஹோபேனுடன் ஒப்பிடுவது போன்ற வேறு சான்றுகள் வேண்டும். அந்தச் சான்றும் இல்லையென்றால் "தெரியவில்லை" என்று அறிக்கையில் எழுதட்டும். "இல்லை" என்று எழுத வேண்டாம்.

மாதிரி எடுப்பதிலும் பிடிவாதமாக இருக்கிறோம். வாளியால் அள்ளிப் போத்தலில் ஊற்றினால் ஆவியாகும் பகுதி அங்கேயே பறந்துவிடும். திறந்த கிணற்றின் மேல்நீரும் உதவாது. கண்காணிப்புக் குழாய்க்கிணற்றில் இருந்து மெதுவாக இறைத்து, 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியை விளிம்பில் நீர் குமிழும் வரை நிரப்பி, அமிலம் இட்டு மூட வேண்டும். தலைகீழாகப் பிடித்துத் தட்டும்போது ஒரு காற்றுக்குமிழ் தெரிந்தாலும் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறொன்று நிரப்ப வேண்டும். பிறகு பனிக்கட்டிப் பெட்டி.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம். பற்றீரியா வேலை செய்கிறது என்ற முடிவு வந்தால், அதையே சாட்டாக வைத்துத் துப்புரவுப் பணியை நிறுத்தும் ஆசை சிலருக்கு வரும். 64 வீதம் சிதைந்தாலும் மிச்சம் 36 வீதம் குடிநீரில்தான் கிடக்கிறது. நீர் குடிக்கத் தக்கதா என்பதைக் குடிநீர்த் தரமே தீர்மானிக்கும். மாசு எவ்வளவு சிதைந்தது என்பதை மட்டுமே சமதானி சொல்லும்.

ஒரே கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு இரு தடவை, புரட்டாதியில் நீர் அடியில் கிடக்கும்போதும் தையில் மாரி ஓய்ந்த பின்னும், மாதிரி எடுக்கப்பட வேண்டும். முடிவுகளைச் சுற்றுவட்டாரக் கிணற்றுச் சொந்தக்காரர்களின் கையில் தமிழில், பிழை எல்லையோடு கொடுக்க வேண்டும். கிணற்று நீர் குடிநீர்த் தரத்தை எட்டும் வரை குடிநீர் பவுசர்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.