கண்ணாடிச் சுவரும் கயிற்றில் தொங்கும் மனிதனும்

ஆலைத் தொழிலாளிக்குக் கண்ணாடி புதிதல்ல. கோவை வட்டாரத்து நூற்பாலைகளின் பழைய கொட்டகைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கூரை ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் சாய்வான பக்கம் ஓடு அல்லது தகடு. செங்குத்தான பக்கம் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வடக்கே பார்த்திருக்கும். வெளிச்சம் வரும், வெயில் பெரும்பாலும் வராது. தொழிலாளியின் உடம்பு வேகக் கூடாதே என்ற கருணையினால் முதலாளி அப்படிக் கட்டவில்லை. கொட்டகை காய்ந்தால் இழை அறும், உற்பத்தி விழும். நூலுக்காகச் செய்தார். நூலோடு சேர்ந்து தொழிலாளிக்கும் கொஞ்சம் நிழல் கிடைத்தது, அவ்வளவுதான்.

விவசாயக் கூலிக்கும் இந்தக் கணக்குத் தெரியும். குடிசை போடும்போது அவர் இறவாரத்தைத் தாழ இறக்குகிறார். மேற்கு வெயில் சுவரில் ஏறாதிருக்கவே அது.

இவ்விருவருக்கும் தெரிந்த விஷயம், சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கம்பெனிக் கட்டடங்களை எழுப்பியவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மேற்கே பார்த்த முகப்பிலும் அடி முதல் உச்சி வரை கண்ணாடியை மாட்டியிருக்கிறார்கள். செங்கல் சுவர் முக்கால் அடி கனம். கண்ணாடிச் சுவர் சில அங்குலம். மிச்சமாகும் இடத்துக்கும் வாடகை வாங்கலாம். எடை குறைவு. பட்டறையில் செய்து கொண்டுவந்து மாட்டுவதால் வேலை சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிந்தால் வாடகையும் சீக்கிரம் வரும். பளபளப்புக்குத் தனி விலை. இந்தக் கணக்கில் சேராத இருவர் உண்டு. ஒருவர் அந்தக் கண்ணாடியை மாட்டுகிறவர். மற்றவர் அதற்குள்ளே வேலை செய்கிறவர். நாம் பேச வந்தது அவர்களைப் பற்றியே.

இந்த வேலையில் திறமை இல்லை என்று நாம் சொல்லவில்லை. மிகுந்த திறமை உண்டு. இந்தச் சுவர் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவதில்லை. ஒவ்வொரு மாடித் தளத்தின் விளிம்பிலும் இரும்புத் தாங்கி வைத்து, அதில் அலுமினியச் சட்டத்தைத் தொங்கவிட்டு, சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். திரைச்சீலை தொங்குவதைப் போலத்தான். அது தாங்க வேண்டியது தன் எடையையும் காற்றையும். காற்று முன்பக்கம் தள்ளும். பக்கவாட்டிலும் மூலையிலும் வெளியே இழுக்கும். வெயிலோ இரண்டு பொருளையும் வெவ்வேறு அளவில் நீட்டும். ஒரு மாடி உயரமுள்ள 4 மீட்டர் அலுமினியச் சட்டம் 40 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீளக் கண்ணாடி ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீளாது. அந்த இடைவெளியை விட்டு வைக்காவிட்டால் கண்ணாடி தெறிக்கும். சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன் கண்ணாடியை அதற்குப் பிறகு ஒரு நூல் அளவும் அறுக்க முடியாது. முதலிலேயே ஒவ்வொரு திறப்பையும் அளந்து, அந்த அளவுக்கே செய்ய வேண்டும். கொத்தனார் போட்ட தளம் ஓரங்குலம் கூடக் குறைய இருக்கும். அந்த ஓரங்குலத்தைத் தாங்கியின் நீளத் துளையில் தள்ளிச் சரிக்கட்டுகிறவர் இருபதாவது மாடி விளிம்பில் குந்தியிருக்கும் பிட்டர்.

திறமை இருந்தும் அவசரமும் லாபமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சாட்சி. ஜான் ஹான்காக் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி அங்கே 60 மாடிக் கோபுரம் கட்டியது. ஐ. எம். பெய்யின் புகழ்பெற்ற நிறுவனம் வடிவமைத்தது. கண்ணாடி ஒவ்வொன்றும் நாலரை அடி அகலம், பதினொன்றரை அடி உயரம். எடை 500 பவுண்டு. 1973 ஜனவரிப் புயலில் கண்ணாடிகள் உடைந்து தெருவில் கொட்டின. காற்று வலுத்தபோதெல்லாம் போலீஸ் வந்து தெருவை அடைத்தது. உடைந்த இடங்களில் ஒட்டுப்பலகை அடித்தார்கள். பாஸ்டன் ஜனங்கள் கோபுரத்துக்கு "ஒட்டுப்பலகை மாளிகை" என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் கழற்றி வேறு மாட்டினார்கள். கட்டடம் 1976-இல்தான் திறந்தது.

கோளாறு எங்கே? இரட்டைக் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே காற்று, விளிம்பில் ஈயப் பட்டை. அந்தப் பட்டையைக் கண்ணாடியோடு பற்றவைத்த பற்று விட்டுக் கொடுக்காமல் இறுகியிருந்தது. வெயிலிலும் காற்றிலும் கண்ணாடி அசைந்தபோது, அசைய வேண்டிய இணைப்பு அசையவில்லை. கண்ணாடி விரிசல் விட்டது. சின்ன விஷயம், ஆனால் உலகத்தில் கண்ணாடி மாட்டும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிய வேண்டிய விஷயம். வழக்கு நடந்தது; சமரசமும் ஆயிற்று. காரணத்தைப் பற்றி யாரும் வெளியே பேசக் கூடாது என்பது சமரசத்தில் ஒரு நிபந்தனை! விவரம் வெளியே வரப் பல ஆண்டுகள் ஆயின. நஷ்டஈட்டைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. பாடத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டுவானேன்?

உள்ளே இருப்பவர் கதை இன்னும் கொடியது. 2011 டிசம்பர் 9 விடியலுக்கு முன் கொல்கத்தாவில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. நெருப்பு மேலே ஏறவில்லை; புகை ஏறியது. கட்டடத்தைச் சுற்றிலும் கண்ணாடி. குளிர்சாதனத்துக்காக இறுக மூடியது. ஜன்னலைத் திறந்து புகையை விட வழியில்லை. தீயணைப்பு வீரர்கள் ஏணி போட்டு ஏறிக் கண்ணாடியை உடைத்துத்தான் நோயாளிகளை இறக்க வேண்டியிருந்தது. மாண்டவர்கள் ஏறக்குறைய 90 பேர். பெரும்பாலோர் மூச்சு முட்டியே இறந்தார்கள். முதலில் உதவிக்கு ஓடி வந்தவர்கள் பக்கத்துக் குடிசைவாசிகள். காவலாளிகள் அவர்களை உள்ளே விடவில்லை என்று அன்றே பத்திரிகைகள் எழுதின. ஏழை கட்டிய குடிசையில் ஒரு கீற்றைப் பிய்த்தாலும் புகை போகும். கோடிகள் கொட்டிய கட்டடத்தில் திறக்கிற ஜன்னல் இல்லை!

கண்ணாடியே வேண்டாம் என்பதா நம் கட்சி? அல்லவே அல்ல. இங்கிலாந்தில் 1696-இல் ஜன்னலுக்கு வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1851-இல்தான் அந்த வரி ஒழிந்தது. ஒன்றரை நூற்றாண்டு ஏழை வீட்டில் வெளிச்சத்துக்குக் கேடு. வெளிச்சம் எல்லோருக்கும் வேண்டும். எந்தத் திசையில், எவ்வளவு, எப்படித் திறப்பது என்பதுதான் கேள்வி. சாதாரணக் கண்ணாடி அதில் விழும் வெயிலின் சூட்டில் முக்கால் பங்குக்கு மேல் உள்ளே விடும். பூச்சுப் பூசிய கண்ணாடி குறைவாக விடும், விலை கூடும். வந்த சூட்டை வெளியே தள்ளக் குளிர்சாதன இயந்திரம், அதற்கு மின்சாரம். முதலில் அடுப்பை மூட்டி, பிறகு அதை அணைக்கக் காசு கொடுத்து ஆள் வைப்பதைப் போல. எரிசக்தியைச் சிக்கனம் செய்ய மத்திய சர்க்கார் 2017-இல் திருத்தி வெளியிட்ட கட்டட விதித்தொகுப்பு, வெளிச்சுவரில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் ஜன்னல் கூடாது என்று ஒரு வரையறை சொல்கிறது. கணக்குக் காட்டி அதைத் தாண்டவும் அதிலேயே வழி இருக்கிறது.

இனி கயிற்றில் தொங்குகிறவரிடம் வருவோம். இங்கே இந்த வேலையில் ஒரிசா, பீகார், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். மழை பொய்த்த நம் கிராமத்துப் பையன்களும் உண்டு. கம்பெனிக்குக் கீழே காண்டிராக்டர், அவருக்குக் கீழே சப்-காண்டிராக்டர், அவருக்குக் கீழே ஆள் கூட்டி வரும் மேஸ்திரி. ஆள் விழுந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். கட்டடத் தொழிலாளருக்கென்று 1996-இல் மத்திய சட்டம் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு 1 ரூபாய்க்குக் குறையாமல் நலநிதி வசூலிக்க வழியும் ஏற்பட்டது. 2020-இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைப் பெரிய தொகுப்பு ஒன்றில் கரைத்துவிட்டது. சட்டத்தின் பெயர் எதுவாயினும் வேலை நடக்கும் இடத்தில் தொங்கும் போர்டு மட்டும் மாறுவதில்லை: "பெல்ட் அணியவும்." பெல்டை எதில் மாட்டுவது என்று போர்டு சொல்லாது.

இதுதான் நம் புகார். காற்றுக்கு எத்தனை பலம், சட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நுணுகி வரைகிற எஞ்சினியர், அதை மாட்டும் மனிதன் பெல்டைக் கோக்கும் கொக்கியை எத்தனை வரைபடத்தில் காட்டியிருக்கிறார்? அமெரிக்க விதி, விழுகிறவரைப் பிடிக்கும் கொக்கி பொதுவாக ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட கொக்கியைக் கான்கிரீட் போடும்போதே புதைக்க வேண்டும்; பிறகு யோசித்தால் தண்ணீர்க் குழாயில் கயிறு கட்ட நேரும். மாட்டுகிறவரோடு முடிகிற காரியமும் அல்ல அது. கட்டடம் நிற்கும் காலமெல்லாம் கண்ணாடி துடைக்க ஆள் தொங்க வேண்டும்.

ஆகவே கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரிகளிடம் நாம் கேட்கிறோம். மனைப்படத்தோடு கொக்கிப் படமும் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு மாடியிலும் கையால் திறக்கிற ஜன்னல் எங்கே என்று கேளுங்கள். காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் தொட்டிலை இறக்க வேண்டும் என்பதை மேஸ்திரியின் தைரியத்துக்கு விடாமல் எழுதி வாங்குங்கள். அன்றைய கூலி அதனால் போகாது என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் காற்றடிக்கிற நாளிலும் அவர் கயிற்றில் இறங்கத்தான் செய்வார்.