விநாடிக்கு 24 படம்

மே மாதம் வந்தால் மாம்பழம் வருகிறதோ இல்லையோ, கல்விக் கண்காட்சி வந்துவிடும். முன்பெல்லாம் எஞ்சினீயரிங், மெடிக்கல் என்று இரண்டே இரண்டு வரிசைதான். இப்போது ‘கிரியேட்டிவ் கேரியர்’ என்று தனிக் கண்காட்சியே போடுகிறார்கள். அனிமேஷன், கேமிங், ஃபேஷன், போட்டோகிராபியில் ஆரம்பித்து, கேக்குக்கு மேல் கிரீமால் பூப்போடுவது வரை சகலமும் கேரியர்!

போன மே மாதம் சென்னையில் அப்படி ஒன்றுக்கு அக்கா மகளுடன் போனேன். பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். அக்கவுன்டன்சி நோட்டில் டெபிட் பக்கம் யானையும் கிரெடிட் பக்கம் பூனையும் வரைகிற பெண். “மாப்ளே, நீ பி.காம். விவரம் தெரிஞ்சவன். பொம்மைப் படம் போடறதெல்லாம் ஒரு வேலையான்னு அவளுக்கு எடுத்துச் சொல்லு” என்று அத்தான்தான் அனுப்பி வைத்தார். பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் போய் இந்தப் பொறுப்பு!

உள்ளே சரியான கும்பல். பஸ் பஸ்ஸாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலை எண்ணியே களைத்துப் போன டீச்சர்கள். ஆளுக்கொரு துணிப்பை, பை நிறைய வழுவழு நோட்டீஸ்.

முதல் ஸ்டாலில் டை கட்டிய இளைஞர் பாய்ந்து வந்தார். “சார், அவதார் பாத்திருக்கீங்களா? அதே சாஃப்ட்வேரைத்தான் நாங்க சொல்லித் தர்றோம்.” கம்பர் பிடித்த அதே எழுத்தாணி என்று ஒருவர் விற்க வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

தலைக்கு மேல் ‘100 சதவிகிதம் பிளேஸ்மென்ட்’ என்று ஒரு பேனர். பக்கத்தில் குட்டி நட்சத்திரம். கீழே கடுகெழுத்தில் ‘அசிஸ்டென்ஸ்’! காமர்ஸ் படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். கண் முதலில் அடிக்குறிப்புக்குத்தான் போகும். ஒரு வருஷத்துக்கு ஃபீஸ் ஒன்றே முக்கால் லட்சம், ஜி.எஸ்.டி. தனி. அக்கா மாசாமாசம் கட்டி அவள் பேரில் சேர்த்து வைத்திருக்கிற சீட்டுப் பணம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

“போன வருஷம் எத்தனை பேர் படிச்சு முடிச்சாங்க? அதுல எத்தனை பேர் இப்ப வேலையில இருக்காங்க? முதல் மாசச் சம்பளம் என்ன?”

“அதெல்லாம் கேண்டிடேட்டோட டேலன்ட்டைப் பொறுத்தது சார்” என்றவர், செல்ஃபி எடுக்கிற இடத்தைக் கை காட்டிவிட்டு அடுத்த அப்பாவை நோக்கி நகர்ந்துவிட்டார்.

விஷயம் இருந்தது கோடியில் நடந்த இலவசப் பயிற்சியில். ஏதோ ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்த பெண்மணி ஒருவர். ஆளுக்கு ஒரு குட்டி நோட்டுப் புத்தகம் கொடுத்து, பந்து குதிப்பதைப் பக்கத்துக்கு ஒன்றாக வரையச் சொன்னார். எல்லாரும் சம இடைவெளியில் வரைந்தார்கள். சரசரவென்று புரட்டினால் பந்து லிஃப்டில் இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கியது.

“உச்சிக்குப் போறப்ப பந்து கொஞ்சம் தயங்கும். அங்க படங்களை நெருக்கிப் போடுங்க. கீழ வர வர இடைவெளியைக் கூட்டுங்க. தரையைத் தொடறப்ப லேசா சப்பையாக்குங்க.”

மறுபடி வரைந்து புரட்டினால்... அட, பந்துக்கு உயிர் வந்துவிட்டது!

அடுத்தது களிமண். பொம்மையை மயிரிழை நகர்த்துவது, செல்போனில் ஒரு படம், மறுபடி நகர்த்துவது, இன்னொரு படம். விநாடிக்கு 12 படம் கணக்கு. 60 படம் எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. யானை நடந்தது ஐந்தே விநாடி!

சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். நிமிஷத்துக்கு 1,440. இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800. கையால் வரைகிறவர்கள் ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துச் சமாளிப்பதுண்டு. அப்படியும் 86,400! இருபதாவது படத்திலேயே பாதிப் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். என் அக்கா மகள் சமோசா வந்தும் திரும்பவில்லை. “மாமா, மேஜையை இடிக்காம நில்லுங்களேன்” என்று எனக்குத்தான் அதட்டல்.

எந்த ஸ்டாலிலும் “உனக்குப் பொறுமை உண்டா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

அந்தப் பெண்மணி ஒளிக்காமல் சொன்னார்: “விஷுவல் எஃபெக்ட்ஸ் பக்கம் போனா, புதுசா வர்றவங்களுக்குப் பெரும்பாலும் ரோட்டோ வேலைதான். நடிகரோட உருவத்தை ஃப்ரேம் ஃப்ரேமா கோடு கட்டிப் பிரிக்கணும். காத்துல முடி பறந்தா டைரக்டருக்குச் சந்தோஷம், நமக்குக் கண்ணீர். ஆர்டர் இருந்தா ராப்பகல் தெரியாது. இல்லேன்னா வேலையே இருக்காது.”

மிகையில்லை. பாண்டிச்சேரியில் சில காட்சிகள் எடுத்தார்களே, ‘லைஃப் ஆஃப் பை’, அதில் கம்ப்யூட்டரில் புலியை நடமாட விட்ட ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி, 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அதே மாதம் அந்தப் புலிக்கு ஆஸ்கார்! மேடையில் கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தவரைப் பின்னணி இசை போட்டு அடக்கிவிட்டார்கள். மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூட அவர்களுக்கு ஸ்டூடியோ இருந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னதும் அத்தான் முகத்தில் ஒரே வெளிச்சம். “அப்ப வேண்டாம்னு சொல்லிட்டியா?”

“இல்லை அத்தான். இன்னொரு கதையும் இருக்கு.”

ராம் மோகன் கதையைச் சொன்னேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தவர். 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அப்போது அங்கே பயிற்சி கொடுக்க வந்திருந்தார். பிற்பாடு ஜப்பான்காரர்களோடு சேர்ந்து ராமாயணத்தையே அனிமேஷன் படமாக்கியவர் ராம் மோகன். 2014-ல் பத்மஸ்ரீ. பொம்மைப் படம் போட்டுத்தான்!

அத்தான் பதில் சொல்லவில்லை. மகளின் செல்போனை வாங்கி ஐந்து விநாடி யானையை நாலைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

“தும்பிக்கை ஏன் ஆடல?”

“அதுக்கு இன்னொரு அறுபது படம் எடுக்கணும்ப்பா.”

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் அரசாங்கத்துடையது. அங்கே அனிமேஷனைப் பட்டப் படிப்பாகவே படிக்கலாம். அதற்கு விவரம் கேட்டு வந்திருக்கிறோம். பி.காமுக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டாயிற்று. சீட்டுப் பணத்தில் யாரும் கை வைக்கவில்லை. இப்போதைக்குச் செலவு, அத்தானே கடைக்குப் போய் வாங்கி வந்த களிமண் மட்டும். ஒன்றரைக் கிலோ.