ஜீன்ஸும் துவைக்கிற கல்லும்

நெசவாளர் வீட்டுக் கொடியிலும் விவசாயி வீட்டுக் கொடியிலும் இந்நாளில் வேட்டிக்கும் சேலைக்கும் பக்கத்தில் ஜீன்ஸ் கால்சட்டைகள் காய்கின்றன. ஆலைத் துணியைப் பற்றி நமது ஏட்டில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் சிலர் கேட்கலாம். அதிலும் இருப்பது பருத்தி விளைவித்தவரின் உழைப்பே. அதன் சாயமும் நெசவும் நமக்கு அந்நியமானவை அல்ல. அன்றியும், காசு கொடுத்து வாங்கியதை ஓராண்டில் கந்தலாக்கிவிட்டு மீண்டும் கடைக்கு நடப்பது எந்தத் துணியானாலும் குடும்பத்துக்கு நஷ்டந்தான். நாம் ஜீன்ஸை உடுத்துத் தேய்ப்பதைவிடத் துவைத்துத் தேய்ப்பதே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

தறியில் அமர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. டெனிம் என்பது பாவில் நீல நூலும் ஊடையில் சாயமிடாத வெள்ளை நூலும் கொண்ட ட்வில் நெசவுத் துணி. ஊடை இழை மூன்று பாவிழைகளுக்கு அடியில் புகுந்து ஒன்றின்மேல் ஏறிச் செல்வதால், வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளுப்பாகவும் தோன்றுகிறது. பாவு நூலுக்கு இடுவது அவுரி நீலம். திண்டிவனம் பக்கத்தில் அவுரி பயிராவதை நம்மில் பலர் கண்டிருப்பர். ஆயினும் 1897-ல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்த பிறகு, இந்தச் சாயம் பெரும்பாலும் ரசாயனச் சாலைகளிலேயே பிறக்கிறது. தொட்டியில் முக்கி எடுக்கும்போது பசுமஞ்சளாக இருக்கும் நூல், காற்றுப் பட்டதும் நீலமாகும் வேடிக்கையைச் சாயக்காரர் அறிவர். பல முறை முக்கினாலும் சாயம் நூலின் நடுவரை இறங்குவதில்லை. மேற்புறத்தில் வளையமாகப் படிந்து நிற்கிறது. மேற்புறம் உராய்ந்தால் உள்ளிருக்கும் வெள்ளை வெளிப்படும். ஆகவே கல்லில் அடிப்பதும் முரட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் அழுக்கோடு சாயத்தையும் வாரிக்கொண்டு போகின்றன. ஆலைகளில் நுரைக்கல்லைப் போட்டு உருட்டிப் புதுத் துணியைப் பழையதாக்கி, அதற்குத் தனி விலையும் வைக்கிறார்கள். அந்த வேலையை நாம் வீட்டில் இலவசமாகச் செய்துகொள்கிறோம்!

புது ஜீன்ஸை உப்பு நீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார் உண்டு. நிற்காது. அவுரி நீலம் தண்ணீரில் கரையும் சாயமன்று. மேலே ஒட்டியிருக்கும் துகள் உதிர்வதை உப்பு எவ்வாறு தடுக்கும்? முதல் சில சலவைகளில் தனியாகத் துவைப்பதே வழி. வெள்ளை வேட்டியோடு ஒரே வாளியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

துவைக்கும்போது ஜிப்பை மூடி, உட்புறத்தை வெளியே திருப்பிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்கட்டும். காரமில்லாத சோப்போ, பூந்திக்கொட்டை நீரோ சிறிது போதும். அரைமணி நேரம் ஊறினால் போதுமானது. இரவு முழுவதும் ஊறப்போட வேண்டாம். கையால் கசக்கி அலசி, முறுக்காமல், திருப்பிய நிலையிலேயே நிழலில் தொங்கவிடலாம். பிளீச்சிங் பவுடர் நீலத்தை அழிப்பதோடு பருத்தி நாரையும் பலவீனப்படுத்தும். ரப்பர்போல் நீளும் இழை கலந்த ஜீன்ஸுக்கு வெந்நீரும் சூடான இஸ்திரியும் ஆகா.

எத்தனை நாளுக்கு ஒரு முறை துவைப்பது என்பதில்தான் விவாதம். லீவைஸ் கம்பெனியின் அந்நாளைய தலைவர் சிப் பெர்க், தாம் உடுத்தியிருந்த ஜீன்ஸை ஓராண்டாகச் சலவை இயந்திரத்தில் போடவில்லை என்று 2014-ல் கூறினார். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 15 மாதம் துவைக்காமல் உடுத்திய ஜீன்ஸில் இருந்த கிருமிகளும், அதைத் துவைத்து 13 நாள் உடுத்திய பின் இருந்த கிருமிகளும் ஏறத்தாழ ஒரே அளவு என்று 2011-ல் கண்டார்கள். இவற்றை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. ஈரோட்டுச் சித்திரை வெயிலில் வேர்த்து நனைந்த துணியைத் துவைக்காமல் மடித்துவைக்க யாரும் சம்மதியார். ஆனால், ஒரு வேளை உடுத்தியதையெல்லாம் வாளியில் போடும் வழக்கமும் வீண். வேர்வை படாத நாளில் காற்றாட உதறிப் போட்டால் போதும். கறையிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

தண்ணீர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு ஜீன்ஸின் ஆயுளில் செலவாகும் நீர் 3,781 லிட்டர் என்று லீவைஸ் கம்பெனி 2015-ல் வெளியிட்டது. அதில் 68 சதவீதம் பருத்திக் காட்டுக்கு. 23 சதவீதம், அதாவது ஏறக்குறைய 870 லிட்டர், வாங்கியவர் வீட்டுச் சலவைக்கு. கிணறு வற்றிய கோடையில் பருத்திக்கு நீர் பாய்ச்சியவர்களுக்கு இந்த 870 லிட்டர் அற்பமாகத் தோன்றாது.

முழங்காலிலும் தொடையிடுக்கிலும் முதலில் அறுவது நீலப் பாவுதான். வெள்ளை ஊடை மட்டும் குறுக்கே நிற்கும். அதைக் கண்ட அன்றே, ஓட்டை விழுமுன், பழைய ஜீன்ஸின் துண்டொன்றை உட்புறம் வைத்துப் பாவின் போக்கிலேயே நெருக்கமாகத் தையல் ஓட்டச் சொல்லுங்கள். தையற்காரர் கேட்கும் கூலி சொற்பமே.