ஸ்டாக் ராடுக்கு எதற்கு 7500?

நெய்வேலிப் பையன்களுக்குச் சுற்று வேகம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. ஊரே சுற்று வேகத்தில்தான் சாப்பிடுகிறது. இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஏழு யூனிட், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வேண்டுமென்றால் 3000 தான், அதில் பேரம் கிடையாது. லோடு திடீரென்று கழன்று டர்பைன் தறிகெட்டு ஏற ஆரம்பித்தால்? பத்து சதவீதம் தாண்டுகிற இடத்தில், அதாவது 3300 வாக்கில், ஓவர்ஸ்பீட் ட்ரிப் விழுந்து நீராவியை அடைத்துவிடும். இந்த மாதிரி டர்பைன்களில் எலக்ட்ரானிக்ஸை மட்டும் நம்பாமல், ஷாஃப்டுக்குள்ளேயே ஒரு போல்ட்டை ஸ்பிரிங் போட்டு உட்கார வைக்கிற வழக்கம் உண்டு. வேகம் மீறினால் அது தானாகவே வெளியே துருத்திக்கொண்டு வந்து ட்ரிப் லீவரைத் தட்டும். யார் அனுமதியும் கேட்காது.

இப்படிப்பட்ட ஊரில், கன்ட்ரோல் ரூமில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவரின் பிள்ளை ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்டீம் வாங்குகிறான் (அப்பாவின் பி.எஃப். பணம் என்று படிக்கவும்). ஹெடர் மாட்டுகிறான், ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர் போடுகிறான், ஈசியு ரீமேப் செய்கிறான். அதோடு விட்டால் பரவாயில்லை. போனஸாக ரெவ் லிமிட்டரையும் 6500-லிருந்து 7500-க்குத் தூக்கிக்கொண்டு வருகிறான். உள்ளே கனெக்டிங் ராடு, பிஸ்டன், வால்வ் ஸ்பிரிங் எல்லாம் கம்பெனி போட்டதுதான். பதினைந்து சதவீதம் அதிகம்! அப்பா வேலை பார்த்த இடத்தில் பத்து சதவீதத்துக்கே மெஷின் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

"கம்பெனிக்காரன் மார்ஜின் வெச்சுத்தான் தம்பி செய்வான். பயப்படாம மிதி." இதுதான் டியூனிங் கடைகளின் தாரக மந்திரம். மார்ஜின் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது யாருக்காக வைத்தது? ஆயில் மாற்ற மறந்த ஓனருக்காக. பண்ருட்டி தாண்டி நாற்பது டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டுகிறவருக்காக. கலப்பட பெட்ரோலுக்காக. ஒரு லட்சம் ராடுகளில் கொஞ்சம் சுமாராக வந்த ஒன்றுக்காக. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய எஸ்டீமில் அந்த மார்ஜினில் பாதியை முந்தைய ஓனர்களே தின்று முடித்திருப்பார்கள். மிச்சம் எவ்வளவு என்று எஞ்சினை இறக்கிப் பார்க்காமல் எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. லேப்டாப்பை வைத்துக்கொண்டு கண்டிப்பாக முடியாது.

சரி, மேட்டருக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம், பிளஸ் டூ கணக்குதான்.

எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினில் ஸ்ட்ரோக் 75.5 மில்லிமீட்டர். 6500 ஆர்பிஎம்மில் ஒரு பிஸ்டன் வினாடிக்கு 216 தடவைக்கு மேல் முழுசாக நின்று திசை திரும்புகிறது. அதை இழுத்து நிறுத்தித் திருப்பி அனுப்புவது ராடு. பிஸ்டன், பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து 400 கிராம், ராடின் நீளம் 120 மில்லிமீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். மேலே போய்த் திரும்புகிற அந்த நொடியில் ராடின் மேல் இழுவிசை சுமார் 940 கிலோ. அரைக் கிலோகூட இல்லாத சாமான், கிட்டத்தட்ட ஒரு எஸ்டீம் காரின் எடைக்கு இழுக்கிறது. அதே கணக்கில் 7500 போட்டால் 1250 கிலோ. வேகம் 15 சதவீதம் ஏறினால் இழுப்பு 33 சதவீதம் ஏறுகிறது, ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். டர்பைன்காரர்கள் பத்து சதவீதத்துக்கே பதறுவதற்கும் காரணம் இதே வர்க்கம்தான்.

இதில் மோசமான இடம் எது தெரியுமா? வெடிப்பு நடக்கிற ஸ்ட்ரோக் அல்ல. புகையை வெளியே தள்ளிவிட்டு அடுத்த மூச்சை இழுக்கப் போகிற இடம். வெடிப்பின்போது மேலேயிருந்து வாயு அமுக்குவதால் இழுப்பு ஓரளவு ஈடாகிவிடும். புகை வெளியேறும்போது மேலே அமுக்க ஒன்றுமே இல்லை. மொத்த இழுப்பும் ராடுக்கும், அதன் கீழ்முனையைக் கிராங்கோடு பிடித்திருக்கிற இரண்டு சின்ன போல்ட்டுக்கும்தான். இந்த போல்ட் ஒரே இழுப்பில் அறுவதில்லை. உலோகம் லட்சக்கணக்கான தடவை இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, ஒரு நாள் சாதாரணமாகப் போகும்போது அறும். "நேத்துதான் 7500 அடிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்கிற வாக்குமூலத்துக்கு மதிப்பு இல்லாமல் போவது இதனால்தான். சுமை மூன்றில் ஒரு பங்கு ஏறினால் ஆயுளும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல மடங்கு குறையும்.

வால்வ் ஸ்பிரிங் கதை தனி. வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். ஒரு வேகத்துக்கு மேல் ஸ்பிரிங்குக்குக் கேமைப் பின்தொடர நேரம் போதாது, வால்வு அந்தரத்தில் மிதக்கும். பழைய ஸ்பிரிங் என்றால் இன்னும் சீக்கிரமே. பல எஞ்சின்களில் அந்த நேரத்தில் பிஸ்டன் மேலே வந்து வால்வை முத்தமிடும். வளைந்த வால்வு, ஓட்டை விழுந்த பிஸ்டன், பிறகு தெரிந்ததுதான்.

இவ்வளவு ரிஸ்க் எடுத்து என்ன கிடைக்கிறது என்று கேட்டால்... ஒன்றுமில்லை! இதுதான் கொடுமை. எம்பிஎஃப்ஐ எஸ்டீமின் 85 குதிரைத்திறன் கிடைப்பது 6000-ல். அதற்கு மேல் ஸ்டாக் கேமுக்கும் போர்ட்டுக்கும் மூச்சு வாங்குகிறது. டார்க் விழுகிற வேகத்தில் ஆர்பிஎம் ஏறினாலும் பவர் இறங்கத்தான் செய்யும். 6500-லேயே இறங்கத் தொடங்கிவிட்டது, 7500 வரை பிடித்துக்கொண்டிருப்பவன் அதற்குள் அடுத்த கியரைப் போட்டவனைவிட மெதுவாகத்தான் போகிறான். சத்தம் மட்டும் அதிகம். சொந்தச் செலவில் சூனியம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

ஹோண்டா கோஷ்டி இந்த இடத்தில் கையைத் தூக்கும். 2000-ல் இங்கே வந்த சிட்டி விடெக், 1.5 லிட்டர், ஸ்ட்ரோக் 84.5 மில்லிமீட்டர். ஜப்பானில் 1999-ல் வந்த எஸ்2000-க்கு ஸ்ட்ரோக் 84 தான், அது 9000 போகிறதே, அப்புறம் சிட்டிக்கு 8000 வைத்தால் என்ன? நல்ல கேள்விதான். சராசரி பிஸ்டன் வேகம் என்று ஒன்று உண்டு: ஸ்ட்ரோக்கின் இரு மடங்கை நிமிடச் சுற்றால் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். எஸ்2000-க்கு வினாடிக்கு 25.2 மீட்டர் வருகிறது. 8000-ல் சிட்டிக்கு 22.5. பார்த்தால் சிட்டி பத்திரம் போலத் தெரியும். ஆனால் அந்தச் சூத்திரத்தில் ராடு எதனால் செய்தது, பிஸ்டன் எவ்வளவு எடை, ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்று எதுவுமே இல்லை. எஸ்2000-க்கு ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், அந்த வேகத்துக்கென்றே செய்த ராடு, கேம், ஸ்பிரிங். சிட்டிக்கு இருப்பது ஆபீஸ் போய்வருகிறவருக்குச் செய்தது. இதற்கு ஹோண்டாவே சாட்சி. 2004-ல் அமெரிக்காவுக்கு இதே எஸ்2000-ஐ 2.2 லிட்டராக்கி ஸ்ட்ரோக்கை 90.7 ஆக நீட்டியபோது, ரெட்லைனை 9000-லிருந்து 8000-க்கு இறக்கினார்கள். எஞ்சினைப் பெற்று வளர்த்தவனே ஏழு மில்லிமீட்டருக்கு ஆயிரம் ஆர்பிஎம் விட்டுக்கொடுக்கிறான். இங்கே ஒரு பாகத்தையும் மாற்றாமல் ஏற்றுகிறார்கள்.

டர்போ போடுகிறவர்களும் டீசல் ரீமேப் ஆட்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஸ்ட் ராடை அமுக்குகிறது, ஆர்பிஎம் ராடை இழுக்கிறது. இரண்டும் இரண்டு விதமான தண்டனை. ஸ்டாக் உள்பாகங்களுக்கு ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைப்பதுதான் முறை. ஆகவே டியூன் செய்த காரின் லிமிட்டர் கம்பெனி எண்ணில் இருக்க வேண்டும், அல்லது அதற்கும் கீழே. மேலே போக ஒரு நியாயமும் இல்லை. ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி மல்டிஜெட்டுக்கு 4000-லேயே உச்ச பவர் வந்துவிடுகிறது. அதை 5000 தாண்டி விரட்டுவது சும்மா ஜல்லியடிப்பது, வேறில்லை.

இன்னொன்று. லிமிட்டர் காப்பாற்றுவது ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதிலிருந்து மட்டும்தான். ஐந்திலிருந்து நான்குக்குப் பதில் அவசரத்தில் இரண்டாவது கியர் விழுந்தால், சக்கரமே எஞ்சினை 9000-க்குச் சுழற்றும். அப்போது பெட்ரோலை வெட்டி என்ன பயன்? கம்பெனி வைத்த மார்ஜின் அந்த ஒரு தப்புக்காகவும்தான் இருக்கிறது. தினமும் 7500 போய் அதைச் செலவழித்தவனிடம் அன்றைக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் சூடான ஆயில் முழுக்க ரோட்டில். சில சமயம் சூடான எக்ஸாஸ்ட் மேலே பட்டுத் தீ. ஆயில் தன் டயருக்கு அடியிலேயே வந்தால் காரும் கையில் நிற்காது. வட்டத்துக்கு வட்டம் நேராக நீளும் டவுன்ஷிப் ரோட்டைப் பார்த்தால் கால் தானாக அழுத்தும்தான். ஆனால் அதே ரோட்டில்தான் டியூஷன் முடித்துச் சைக்கிளில் வரும் பிள்ளைகளும், ரிட்டையர் ஆகி வாக்கிங் போகும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆர்ச் கேட் தாண்டி வடலூர் ரோட்டில் பஸ்ஸும் லாரியும். எஞ்சின் போனால் அப்பாவின் பணம் போகும், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். சாதாரண மோட்டார் பாலிசியில் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பைசா தரமாட்டார்கள் என்பது உபரித் தகவல்.

7500 வேண்டவே வேண்டாம் என்பதல்ல. வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது: எஞ்சினை இறக்கு, ஃபோர்ஜ்டு ராடும் நல்ல போல்ட்டும் போடு, ஸ்பிரிங்கை மாற்று, எடை பார்த்து பேலன்ஸ் செய், அந்த ஆர்பிஎம்மில் மூச்சு விடுகிற கேமைப் போடு. பிறகு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோயம்புத்தூர் கரி டிராக்குக்கோ போய் ஆசை தீர மிதி. அதற்குப் பணம் இல்லையென்றால் ரீமேப்போடு நிறுத்திக்கொள்.

டியூனரிடம் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். இந்தக் காரின் பவர் எந்த ஆர்பிஎம்மில் இறங்கத் தொடங்குகிறது, டைனோ ஷீட் எங்கே? வால்வ் ஸ்பிரிங்கை அளந்து பார்த்தாயிற்றா? கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தாயிற்றா? "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு, வந்த வழியே மூன்றாவது கியரில் வீட்டுக்கு வந்துவிடலாம்.