பாம்புக்கு ஏற்ற படுக்கை எது?

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஓர் உயிரின் மறைவான இயல்பை அதன் இனமே அறியும் என்பது அதன் கருத்து. அவ்வாறாயின், அவ்வினத்தைச் சாராத மனிதர் ஒரு பாம்பை வீட்டில் வளர்க்கப் புகுந்தால், அதன் தேவையை எவ்வாறு அறிவது? கனடாவிலிருந்து வந்த ஒரு கடிதம் இக்கேள்வியை எம்முன் வைத்தது.

எம்மிடம் விலங்கியல் கற்ற மாணவர் ஒருவர் இன்று ரொறன்ரோ நகரில் குடும்பத்துடன் வாழ்கின்றார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் சோளப்பாம்பு ஒன்றை வளர்க்கின்றான். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளுக்குரிய இப்பாம்பு நஞ்சற்றது, சாந்தமானது, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடி வரை வளர்வது. மேலை நாடுகளில் இதனைக் கூடுகளிலேயே இனம் பெருக்கி விற்கின்றனர்.

கண்ணாடிக் கூட்டின் அடியில் எதைப் பரப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, வீட்டில் வாடை வீசலாகாது என்று தாயார் கூறினார். சிறுவன் நறுமணம் கமழும் சீடர் மரச் சீவலைத் தேர்ந்து பரப்பினான். அறை மணத்தது. மூன்றாம் வாரத்தில் பாம்பு இரையை மறுத்தது. பின்னர் தலையை உயர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. மிருக வைத்தியர் முதலிற் கேட்டது, "அடியில் என்ன பரப்பியிருக்கிறீர்கள்?" என்பதே. சீவல் அகற்றப்பட்டது, மருந்து கொடுக்கப்பட்டது, பாம்பு பிழைத்தது. ஆயினும் அன்றிரவு சிறுவன், "அது கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே, அப்பா" என்று அழுதானாம். "சேர், அவனுக்கு விளங்கும்படி நீங்கள் எழுத வேண்டும்" என்று கடிதம் முடிகின்றது. அவனுக்கு எழுதியதையே நம் வாசகர்க்கும் கூறுவோம்.

நாம் நிலத்தின்மேல் நிற்பவர்கள். பாம்போ உடல் முழுவதும் நிலத்திற் படியக் கிடப்பது. அதன் மூக்கு தரையை ஒட்டியே மூச்சை இழுக்கின்றது. பிளவுண்ட நா தரையின் நுண்துகள்களை வாரி, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டு செல்கின்றது. பெரும்பாலான பாம்புகளுக்கு வலப்பக்க நுரையீரலே நீண்டு வளர்ந்து தொழில் செய்யும், இடப்பக்கத்தது சுருங்கிவிட்டது. ஆகவே தரையில் உள்ள கேடு பாம்பின் தோலையும் நாவையும் மூச்சையும் ஒருங்கே தாக்குகின்றது.

சீடர் மரத்தின் இயல்பை நோக்குக. அந்துப்பூச்சி அணுகாதிருக்கும் பொருட்டு மேலை நாட்டார் துணிப்பெட்டிகளை அம்மரத்தாற் செய்தனர். பூச்சியை விரட்டும் அந்த நறுமண எண்ணெய்கள், மூடிய கூட்டினுள் பாம்பின் சுவாச வழியை அரிப்பனவாகின்றன. பைன் மரச் சீவலிலும் பிசின் எண்ணெய் உண்டாதலின் அதனையும் தவிர்ப்பதே நன்று. பாலை நிலப் பாம்புகள் சிலவற்றுக்கு மணல் இயல்பானது. ஆனால் சோளப்பாம்பு போன்றவை இரையோடு மணலை விழுங்கினால், அது குடலிற் சேர்ந்து அடைப்பை உண்டாக்கக்கூடும். தோட்டத்து மண்ணில் பூச்சிமருந்தும் உரமும் கலந்திருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

ஏற்றவை எவை? முதலாவது காகிதம். அழகில் அது கடைசி. காவலில் அதுவே முதல். எச்சம் உடனே தெரியும். கருநிறப் புள்ளிபோன்ற பாம்புண்ணி வெண்தாளில் மறைந்திருக்க மாட்டாது. புதிதாய் வந்த பாம்புக்கும் நோயுற்ற பாம்புக்கும் காகிதமே தக்கது. ஆயினும் அதில் குடைந்து ஒளிந்துகொள்ள இயலாது. ஒளிய இடமில்லாப் பாம்பு அச்சத்தோடே வாழும். ஆதலின் காகிதம் விரிப்போர் மறைவிடமாக ஒரு பெட்டியேனும் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, அஸ்பென் என்னும் மரத்தின் சீவல். அதில் நறுமண எண்ணெய் மிகக் குறைவு. பாம்பு குடைந்த வழி அப்படியே நிற்கும். ஈரம் பட்டாற் பூஞ்சணம் பிடிக்கும் என்பதே அதன் குறை. 40 முதல் 60 வீத ஈரப்பதம் போதுமான சோளப்பாம்புக்கு அது பொருந்தும்.

மூன்றாவது நம் நாட்டுப் பொருள். குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தென்னை முக்கோணத்திலே தும்பு எடுத்தபின் எஞ்சும் தூள், கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கடல் கடந்து செல்கின்றது. நீரில் இட்டதும் அக்கட்டி பன்மடங்கு பொங்கிப் பெருகும். ஆபிரிக்காவின் பந்துமலைப்பாம்பு போல, 60 வீதமும் அதற்கு மேலும் ஈரப்பதம் வேண்டும் இனங்களுக்கு இத்தும்புத்தூள் சிறந்தது. காற்று வறண்டால் அவற்றின் சட்டை முழுமையாகக் கழலாது துண்டு துண்டாய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஈரம் மிகுந்தால் வயிற்றுச் செதில்கள் கொப்புளித்து அழுகும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்க்க: உருண்டையாய் நிற்க வேண்டும், நீர் சொட்டலாகாது. உரம் கலந்த கட்டியை வாங்குதல் கூடாது.

எதைப் பரப்பினும் சில கடமைகள் உண்டு. எச்சத்தை அன்றன்றே அகற்றுக. இரையைத் தட்டில் வைத்துக் கொடுக்க. சீவலும் தூளும் வாயிற் புகா. கூட்டின் அடியில் வெப்பத்தகடு வைப்போர் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும் இணைத்தல் வேண்டும். இன்றேல் குடைந்து இறங்கும் பாம்பின் வயிறு சூடான கண்ணாடியில் வெந்துபோம். பாம்பின் எச்சத்தில் சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஆதலின் கூட்டைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவது கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பாம்பைத் தொட விடலாகாது.

இவ்விடத்து நம் மாணவர்க்கு ஒரு சொல். இதை வாசித்தோம் என்று வேலியோரத்துப் பாம்பைப் பிடித்துப் போத்தலில் அடைக்கப் புறப்படாதீர். வனவுயிர்களைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு முதல் உண்டு. அதனினும் மேலாக, நஞ்சுள்ளது எது, அற்றது எது என்று பார்த்தவுடன் தெளியும் கண் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அப்பாம்புக்கு ஏற்ற தரை வேலியோரமே.

சென்ற வாரம் சிறுவனின் மறுமொழி கிடைத்தது. பாம்பு இப்போது காகிதத்தின்மேற் கிடக்கின்றதாம். தட்டில் வைத்த சிறு எலியை உண்டதாம். இன்னும் சில காலம் காகிதமே இருக்கட்டும் என்று வைத்தியர் கூறினாராம். நாள்தோறும் பாடசாலைக்குப் புறப்படுமுன், தரையில் முழந்தாளிட்டுக் கூட்டின் அடிப்பரப்பை உற்றுப் பார்ப்பதாக எழுதியிருக்கின்றான். கத்தத் தெரியாத பிராணியை வளர்ப்பவன் செய்ய வேண்டியது அதுவே.