மணி பிளாண்ட்டைத் திருடினால்தான் வளருமா?

"திருடி வெச்சாத்தான் மணி பிளாண்ட் வளரும்." செஞ்சியில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதைச் சொல்ல ஒருவராவது இருப்பார். படிக்காதவர்கள்தான் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், என்னோடு பி.காம் படிப்பவர்களே சொல்கிறார்கள். இதன் மறுபாதி இன்னும் மோசம்: "கேட்டா கொடுக்கக் கூடாது, வீட்டுல இருக்கற காசு போயிடும்."

ஆக, கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள், திருடினால் வந்துவிடுவாள்! கொடுப்பவனுக்கு நஷ்டம், திருடனுக்கு லாபம். இது எந்த ஊர்க் கணக்கு சார்?

செடியின் கணக்கைப் பார்ப்போம். இதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் மூரியா தீவு. இந்தச் செடி அநேகமாகப் பூப்பதே இல்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். பூக்கத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை இதனால் சரியாக உண்டாக்க முடியவில்லை என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பூ இல்லை என்றால் விதை இல்லை. அப்புறம் எப்படி உலகம் முழுக்கப் போனது? யாரோ வெட்டி, யாரிடமோ கொடுத்துத்தான். உங்கள் வீட்டுக் கொடியும் அப்படிக் கைமாறி வந்ததுதான்.

வளர்வதும் வளராததும் கணுவில் இருக்கிறது, களவில் இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு சின்ன முண்டு தெரியும். வேர் அங்கிருந்துதான் வரும். அதற்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு தண்ணீரில் முங்கும்படி வையுங்கள். வாரம் ஒருமுறையாவது தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுதான் வளரும் :-) இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அவசரத்தில் வெறும் இலையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குக் கடைசிவரை கொடி வராது.

கொடுத்தவருக்கு என்ன ஆகும்? நுனியை வெட்டினால் கீழ்க் கணுக்களிலிருந்து புதுத் தளிர் வரும். ஒரு கொடி இரண்டாகும். அக்கவுண்டன்சியில் கொடுத்தால் சொத்து குறையும் என்று படிக்கிறோம். இங்கே கொடுத்தால்தான் கூடுகிறது!

இதெல்லாம் நம் ஊருக்குத் தெரியாததா? முருங்கைப் போத்து கேட்டால் யாராவது இல்லை என்கிறார்களா? மல்லிகைப் பதியன் வீடு வீடாகப் போகிறது. சுற்றுவட்டாரத்தில் கரும்பு நடுவதே கரணை வெட்டித்தான். அப்போதெல்லாம் போகாத லட்சுமி, இந்தக் கொடியோடு மட்டும் ஏன் போகிறாள்? பெயரில் 'மணி' இருப்பதால்! 'தண்ணிக்கொடி' என்று பெயர் வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

"சும்மா தமாஷுக்குத்தானே, இதுக்குப் போய் இவ்வளவா?" என்பீர்கள். சரி, வாசலில் கொடி காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழும்? பறித்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டியாகவே இருக்கட்டும், திட்டு வாங்குவது வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். உங்கள் தமாஷுக்கு விலை கொடுப்பவர் அவர்.

அமெரிக்காவில் 1930-லேயே செடிகளுக்குக் காப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது. அங்கே காப்புரிமை உள்ள செடியை அனுமதியில்லாமல் கிளை வெட்டி வளர்த்தால் காப்புரிமை மீறல் என்று வழக்குத் தொடரலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் செடிகளுக்குக் காப்புரிமையே தருவதில்லை. சட்டம் போடாத பூட்டை நாமே நம் வாசலில் போட்டுக்கொள்கிறோம்.

நர்சரிக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒட்டு மாங்கன்றுக்கு உழைப்பு இருக்கிறது, தாராளமாக வாங்குங்கள். ஒரு கணு மணி பிளாண்ட்டுக்குக் காசும் வேண்டாம், களவும் வேண்டாம். "அக்கா, ஒரு கொடி தாங்க" என்று கேளுங்கள். உங்களிடம் யாராவது கேட்டால் ஒன்றுக்கு இரண்டாக வெட்டிக் கொடுங்கள்.

பி.கு: இந்தக் கொடியின் சாறு வாயில் பட்டால் எரியும். குழந்தைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வையுங்கள்.